வாயில்லாத ஜிம்போவும் கேப்டனாகிய நானும்

ஏப்ரல் 19, திங்கள்

இன்று காலை பத்தரை மணிக்கு நான் பூமியை விட்டுக் கிளம்பினேன். சாலிகிராமத்தில், ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே உள்ள டப்பிங் தியேட்டரிலிருந்து இந்த மகத்தான பயணம் தொடங்கியது என்பதை வருங்காலச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

பல வருடங்களாக நான் வில்லனுக்குப் பின்னால் நிற்கும் நாலாவது அடியாளுக்குக் குரல் கொடுத்து வந்தேன். சந்தைக் கூட்டமாக இரைந்திருக்கிறேன். ஒரு பக்திப் படத்தில் யானையாகப் பிளிறி, வடபழனி டெப்போவில் நின்றிருந்த பஸ்கள் தாமாகவே ஸ்டார்ட் ஆனதும் உண்டு. அப்படிப்பட்ட தணிகாசலத்தை இன்றைக்குத்தான் உலகம் அடையாளம் கண்டது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் எடுத்த தொடர் ஒன்றைத் தமிழில் பேச வைக்கிறார்கள். ஒரு குடும்பம் ராக்கெட்டில் ஏறி, வழி தவறி, கோள் கோளாக அலைகிறது. ராக்கெட்டைத் தொங்கவிட்டிருக்கும் நூல் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குடும்பத்தின் தலைவர் கேப்டன் ஹென்றி. அவர்தான் நான்.

பெட்டி என்கிற அவருடைய சின்ன மகளுக்குக் குரல் கொடுப்பது என் தங்கை மகள் தாரணி. வயது ஒன்பது. சிபாரிசு செய்தது நான். தங்கை கனகவல்லிக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. கோடை விடுமுறை என்பதால் துணைக்கு வந்து ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். கனகாவின் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய் ஐந்து வருடமாகிறது. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் என் வீட்டில்தான். ஆகவே கேப்டன் வேலை எனக்குப் புதிதல்ல.

ஒரே ஒரு குறை. அந்த ராக்கெட்டில் ஜிம்போ என்று ஒரு ரோபோ இருக்கிறது. அதையும் நானே பேசுகிறேன் என்று டைரக்டர் மேகநாதன் சாரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் நீயே பேசிட்டா யார்கிட்டய்யா பேசுவே?" என்றார். பிச்சாண்டி என்று ஒருவனைப் பிடித்து வந்திருக்கிறார். திருவண்ணாமலைக்காரன். விளம்பர ஆட்டோவில் மைக் பிடித்துக்கொண்டிருந்தவன். ஆளை வைத்துப் பல் குத்தலாம், அவ்வளவு ஒல்லி. நல்லது, ஒரு டப்பாவுக்கு ஒரு குச்சி.

ஏப்ரல் 21, புதன்

மோசடி. மாபெரும் மோசடி.

கேப்டன் ஹென்றி வாயைத் திறந்தால் நான் திறக்க வேண்டும். மூடினால் மூட வேண்டும். அவர் உதடு ஒட்டுகிற இடத்தில் எனக்கு ஒரு 'ப'வோ 'ம'வோ வந்து விழ வேண்டும். இதற்கு லிப் என்று பெயர். அந்த மனிதர் வெற்றிலை குதப்புவதுபோலப் பேசுகிறார். "பயப்படாதீர்கள், பாதை தெரிகிறது" என்று ஒரு வரி சொல்வதற்குள் என் தாடை கழன்று தரையில் உருண்டு லாண்டரிக் கடை வரைக்கும் போய்வந்தது.

ஜிம்போவுக்கு வாயே கிடையாது. நெஞ்சில் ஒரு பல்பு. அது மினுக்கினால் பேசுகிறது என்று அர்த்தம். பல்புக்கு ஏது லிப்? பிச்சாண்டி என்ன வேண்டுமானாலும் பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இன்று மூலத்தில் அந்த டப்பா சொன்னது "ஆபத்து" என்ற ஒரே வார்த்தை. இவன் சொன்னது: "கேப்டன், உங்க முழங்கால்ல கிறீச்சுனு சத்தம் வருது. என்கிட்ட எண்ணெய் இருக்கு, ரெண்டு சொட்டு விடட்டுமா?"

தாரணி சிரித்ததில் டேக் போனது. மேகநாதன் சார் சிரித்ததில் அடுத்த டேக்கும் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருமல் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 24, சனி

பிச்சாண்டியின் குரலில் இரும்பு இல்லை என்று மேகநாதன் சாருக்கு இரண்டு நாளாகவே கவலை. பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பேச வைத்தார். காய்ச்சல் வந்த தவளை மாதிரி இருந்தது. டப்பா கைமாறும் நேரம் வந்துவிட்டது என்று நான் தொண்டையைக் கனைத்துத் தயாராக நின்றேன்.

இன்று காலை பிச்சாண்டி ஒரு எவர்சில்வர் குடத்துக்குள் முகத்தை வைத்துப் பேசினான். ரோபோ பேசியது. கோயில் மணிக்குள்ளிருந்து ஒருவன் கூப்பிடுவதுபோல் கணீரென்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கேயோ பார்த்த குடமாக இருக்கிறதே என்று இடைவேளையில் கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. "செல்வி கனகவல்லி திருமணத்திற்கு அன்பளிப்பு: ச. தணிகாசலம்."

என் குடம். நான் சீர் வைத்த குடம். அவன் என் பெயருக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறான்.

"அது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன் கனகாவிடம்.

"நான்தான் எடுத்துட்டு வந்தேன். வீட்டுல சும்மாதானே இருக்கு."

"சும்மா இருக்கா? அதுலதானே தண்ணி குடிக்கிறோம்."

"பானையில ஊத்தி வச்சிருக்கேன். ஜில்லுனு இருக்கும், குடி."

ஏப்ரல் 28, புதன்

இன்று பெட்டி அழ வேண்டிய காட்சி. தாரணிக்கு அழுகை வரவில்லை. நான் ஒரு மாபெரும் நடிகன் என்ற முறையில் கற்றுக்கொடுக்க முன்வந்தேன். கணக்குப் பரீட்சையை நினைத்துக்கொள் என்றேன். சிரித்தாள். நான் தேம்பிக் காட்டினேன். இன்னும் சிரித்தாள். பிச்சாண்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அடுத்த டேக்கில் பிள்ளை பொலபொலவென்று அழுதது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா சொன்னான் அவன்?" என்று வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"சொல்லக்கூடாது மாமா. அது தொழில் ரகசியமாம்."

எனக்குத் தெரியாத தொழில் ரகசியம்.

மே 3, திங்கள்

தொடர் இன்று முதல் மாலை ஆறு மணிக்கு ஒளிபரப்பாகிறது. ஆறரைக்கு நான் வாசலுக்குப் போய்த் தற்செயலாக நின்றேன். தெருப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கூட்டம் அலைமோதியது, நான்கு பேர் இருப்பார்கள்.

"அங்கிள், நீங்கதான் அதுல பேசறீங்களாமே?"

"ஆமாம் கண்ணுகளா."

"ஜிம்போவா?"

"கேப்டன்."

"ஓ," என்றான் ஒருவன். "ஜிம்போ யாரு அங்கிள்? அவரைக் கூட்டிட்டு வருவீங்களா?"

நான் உள்ளே வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மே 6, வியாழன்

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவனுக்கு இன்று என் அளவுக்குச் சந்தோஷம் இருந்திருக்காது.

கேப்டன் ஹென்றி ஜன்னல் பக்கம் திரும்பி நட்சத்திரங்களைப் பார்த்தார். முதுகு மட்டும் தெரிந்தது. முதுகுக்கு லிப் கிடையாது. அந்த நொடியில் நானும் ஜிம்போவைப்போல வாயில்லாதவன், என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்பது எனக்கு உறைத்தது. வசனப் பேப்பரில் இல்லாத வரியை அவிழ்த்துவிட்டேன்: "ஜிம்போ, அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைப் பாரு. அங்கே ஒரு காயலான் கடை இருக்கு. உனக்கு நல்ல விலை தருவாங்க."

மேகநாதன் சார் பாக்கு புரைக்கேறச் சிரித்தார். "தணிகை, அந்தாளு முகத்தை விட முதுகு நல்லா நடிக்குதய்யா. முதுகு வந்தா விடாதே."

பிச்சாண்டியும் சிரித்தான். கனகா சிரிக்கவில்லை. ஒளிபரப்பில் இது வரட்டும், பிறகு பார்ப்போம் ஜனங்கள் யார் பக்கம் என்று.

மே 7, வெள்ளி

இன்று கேப்டன் திரும்பவே இல்லை. வீணான நாள்.

மே 10, திங்கள்

தண்ணீர் லாரி இன்று இரண்டு நாள் கழித்து வந்தது. நம் தெருவின் தண்ணீர் வரிசையில் ஐந்து வருடமாக நிற்பது நான். அந்த வரிசையில் என்னுடைய ராஜதந்திரத்தைப் பார்த்து ஐக்கிய நாடுகள் சபையே ஆள் அனுப்பிப் பாடம் கேட்கலாம். ஹார்ன் சத்தம் கேட்டு, முகச் சவரத்தைப் பாதியில் விட்டு, ஒரு கன்னத்து நுரையோடு ஓடினேன். எங்கள் குடங்கள் ஏற்கெனவே நிரம்பி வரிசையாக இருந்தன. பக்கத்தில் பிச்சாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"இந்தப் பக்கமா வந்தேன் சார். அவங்க தனியா தூக்கிட்டு இருந்தாங்க."

எதிர்வீட்டு ராணியம்மா கனகாவிடம், "யாரு இந்தத் தம்பி?" என்று கேட்டாள்.

"தாரணிகூட வேலை செய்யறவர்," என்றாள் கனகா.

தாரணிகூட. நான் யார்கூட வேலை செய்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, மிச்சக் கன்னத்தைச் சவரம் செய்யத் தண்ணீர் கேட்டபோது, "அவர் கொண்டுவந்து ஊத்தினதை ஏன் வீணாக்கறே, துடைச்சுட்டுப் போ," என்கிறாள். ஒரு மனிதனின் சாம்ராஜ்யம் இப்படித்தான் சரிகிறது. முதலில் வரிசை, பிறகு சொம்பு.

மே 12, புதன்

இன்று நீளமான முதுகு ஒன்று வந்தது. கேப்டன் மகளைத் தோளில் அணைத்துக்கொண்டு ராக்கெட்டை நோக்கி நடக்கிறார். பின்னால் ஜிம்போ வருகிறது. பேப்பரில் வசனமே இல்லை, இசை மட்டும். மேகநாதன் சார் போன் பேச வெளியே போயிருந்தார். பிச்சாண்டி புதுச்சட்டை போட்டு வந்திருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தான். காலையிலிருந்து "சார், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று இரண்டு தடவை வந்தான். ரெக்கார்டிங் சிவப்பு விளக்கு எரியப்போகிறது, அப்புறம் பேசலாம் என்று விரட்டிவிட்டேன். கனகா பெஞ்சில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

முதுகு வந்தது. நான் பேசினேன்.

"பெட்டி, ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கூடவே நடந்து வர்றதெல்லாம் குடும்பம் ஆயிடாது. இது ஒரு மெஷின். அடுத்த கோள்ல இதை இறக்கி விட்டுட்டு நாம மட்டும் வீட்டுக்குப் போறோம்."

திரையில் ஜிம்போவின் பல்பு மினுக்கியது. அவனுக்கு லிப் கிடையாது. என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். முழங்கால், எண்ணெய் என்று எதை வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். குடத்துக்குள் முகத்தை வைத்தபடி நின்றான். பல்பு மினுக்கி மினுக்கி அணைந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

மேகநாதன் சார் திரும்பி வந்து போட்டுக் கேட்டார். "அந்த மௌனம் பிரமாதம்யா, அப்படியே வச்சுக்கலாம்," என்றார். ஆகவே இது என் வெற்றி.

ஆட்டோவில் தாரணி என் பக்கம் திரும்பவில்லை. கனகா மட்டும் கேட்டாள்: "அண்ணா, அது யாருக்குச் சொன்னது?"

"ஜிம்போவுக்கு."

"ம்," என்றாள்.

மே 13, வியாழன்

பிச்சாண்டி வரவில்லை. ஆள் விட்டுப் பார்த்தார்கள், பழைய ஆட்டோ வேலைக்கே போய்விட்டானாம். மேகநாதன் சார் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். "நீதான் அன்னைக்கே கேட்டியே. பேசு."

ஆக, நான் வென்றேன். இருவரும் நானே. அண்டசராசரத்தில் எனக்குப் போட்டி இல்லை. குடத்துக்குள் முகத்தை விட்டேன். உள்ளே புளி போட்டுத் தேய்த்த வாசனை வந்தது. என் குரல் கிணற்றில் விழுந்த எருமை மாதிரி கேட்டது. கேப்டனாக ஒரு நகைச்சுவை சொல்லி, குடத்துக்கு ஓடி, ஜிம்போவாக அதற்குப் பதில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானே சொல்லி நானே பதில் சொன்னால் எப்படிச் சிரிப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

பிறகு ஜிம்போ பழுதாகிக் கிடக்க, பெட்டி அழும் காட்சி. தாரணிக்கு மறுபடியும் வரவில்லை.

"அன்னைக்கு அவன் காதுல சொன்னானே, அதையே நினைச்சுக்கோயேன்," என்றேன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நினைச்சுட்டேன். இன்னிக்கு வரல."

"அப்படி என்னதான் சொன்னான்?"

அவள் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா ஒருநாள் உன்னை விட்டுட்டு எங்கேயோ போயிட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருன்னாரு."

ஏசி இன்று ரொம்ப அதிகம். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எனக்குத்தான்.

மே 14, வெள்ளி

காலையில் கனகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை எதிரே உட்காரச் சொன்னாள். அவள் கீரை ஆயும்போது யாரையும் உட்காரச் சொல்ல மாட்டாள்.

"புதன்கிழமை அவர் உன்கிட்ட ஒண்ணு கேட்க வந்தாரு. நான்தான் கேட்கச் சொன்னேன்."

"என்ன, சம்பளம் பத்தலையாமா?"

"அண்ணா."

நான் வாயை மூடிக்கொண்டேன். லிப் சரியாக இருந்தது.

"என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. எனக்கும் இஷ்டம்தான். தாரணிக்கும் தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது."

"உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. அதனாலதானே அப்படிப் பேசினே."

பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு ராக்கெட் வெடித்தாலும் நான் கலங்கியிருக்க மாட்டேன். இருந்தாலும் சொன்னேன், என் சம்மதம் இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது என்று, கேப்டன் குரலில்.

"சம்மதம் கேட்கலை அண்ணா. நீ கூட இருப்பியான்னுதான் கேட்கறேன். நீ இல்லாட்டி அவர் வர மாட்டேங்கிறாரு. அவர் வராட்டி அதுக்கப்புறம் நான் உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கறது, சொல்லு."

ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்டெல்லாம் என் முன்னால் கிடந்தது. நான் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தேன். வேறு என்ன செய்ய?

மே 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

சாயங்காலம் அவனைத் தேடிக் கிளம்பினேன். விளம்பர ஆட்டோவைக் கண்ணால் தேடத் தேவையில்லை. காதுதான் என் தொழில். "கோடைப் பொருட்காட்சி, குடும்பத்துடன் வாருங்கள்" என்ற குரலைத் தொடர்ந்து தசரதபுரம் வரை ஓடினேன். என் வேகத்தில் மரங்கள் சாய்ந்தன. ஒரு வேகத்தடையில் ஆட்டோ தயங்கியபோது பாய்ந்து உள்ளே ஏறி அவன் பக்கத்தில் விழுந்தேன். பயந்துபோய் மைக்கை மடியில் போட்டுக்கொண்டான். டிரைவர் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போனார்.

"யோவ், திங்கட்கிழமை வந்துடு," என்றேன்.

"வேணாம் தணிகை சார். அதை நீங்களே நல்லா பண்ணுவீங்க."

"பண்ணிப் பார்த்துட்டேன். எருமை மாதிரி இருக்கு."

அவன் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ஏன்யா பதில் பேசாம நின்னே? உனக்கென்ன லிப்பா ஒண்ணா?"

"நீங்க சொன்னதுல தப்பில்லையே சார். கூட நடந்து வந்தவன்தானே நான். குடும்பமா ஆகலாமான்னு கேட்கத்தான் சட்டையெல்லாம் போட்டுட்டு வந்தேன்."

அதற்கு மேல் என்னால் கேப்டன் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

"எனக்குப் பொறாமைய்யா. வயிறு எரியுது. அஞ்சு வருஷமா கனகாவைச் சிரிக்க வைக்க நான் குட்டிக்கரணம் போட்டுட்டு இருக்கேன். நீ என் குடத்துக்குள்ளயே தலையை விட்டு ரெண்டு வார்த்தை பேசினே, அவ சிரிச்சுட்டா. என் பேர் போட்ட குடம்யா அது."

"தெரியும் சார். தினமும் படிச்சுட்டுத்தான் தலையை விடுவேன்."

"சரி, நீ என் தங்கச்சியைக் கட்டிக்கோ. நல்லா இரு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் யாரு?"

"மச்சான்," என்றான். பிறகு பயந்து, "சார்," என்று சேர்த்துக்கொண்டான்.

எங்கிருந்தோ ஒரு கம்பீரமான குரல் அந்தத் தெரு முழுவதும் எதிரொலிப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. இவ்வளவு அருமையான குரல் யாருடையது என்று ஒரு நொடி வியந்தேன். என்னுடையது. தியேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் மைக் கேட்கும். அணைந்திருந்தால் எதை வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பழக்கத்தில் நாங்கள் இரண்டு பேருமே விளக்கைத்தான் தேடியிருக்கிறோம். ஆட்டோவில் விளக்கு ஏது? அவன் மடியில் மைக் உயிரோடு கிடந்தது. ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்.

எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு. எல்லா வாசலிலும் ஜனம். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஜிம்போவைத் தேடிய நாலு பிள்ளைகளும் மதில்மேல். ராணியம்மா கையில் கரண்டி.

"அண்ணே," என்றார் டிரைவர், "பொருட்காட்சியைப் பத்தி ஒண்ணும் சொல்லவே இல்லியே."

எங்கள் வீட்டு கேட்டருகே கனகா நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் தாரணி. இந்தத் தெருவில் விதவை என்று அவள் தலைகுனிந்து நடந்த ஐந்து வருடமும் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் வாழ்க்கையை நான் ஸ்பீக்கர் வைத்து ஊருக்குச் சொல்லிவிட்டேன். உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள், பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்காது என்று நினைத்தேன். பிச்சாண்டி மைக்கை அணைக்கத் தோன்றாமல் அதைக் கைக்குட்டையால் மூடினான்.

ராணியம்மாதான் முதலில் பேசினாள். "ஏன் கனகா, கல்யாணம் எப்போ?"

கனகா தலையைக் குனியவில்லை. "இன்னும் தேதி வைக்கலைங்க. வச்சதும் மைக்கில சொல்லுவாங்க, கேட்டுக்கங்க," என்றாள்.

தெருவே சிரித்தது. மதில்மேல் இருந்த பிள்ளைகள் விசிலடித்தன. தாரணி ஓடிவந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள், முதலில் என்னை, பிறகு அவனை.

"அதை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்றாள் கனகா. "சாப்பாடு ஆறுது."

ரெண்டு பேரும் என்று சொன்னாள். தெரு முழுவதும் சாட்சி. இறங்கும்போது என் முழங்கால் கிறீச்சென்றது. அவன் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் கை கொடுத்தான். இந்த மாதிரி நல்ல குணத்தைத்தான் என்னால் சகிக்கவே முடிவதில்லை.

உள்ளே போய்க் கை கழுவி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கனகா சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.

முதலில் யார் தட்டில் பரிமாறினாள் என்பதை மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை.